நாவலப்பிட்டியிலிருந்து ‘ராஜகுமாரி’ வரை: எம்.ஜி.ஆரின் சின்ன வேஷக் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாமகக் குளத்தில் தொடங்கி ஊருக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு நெடுநாள் பழக்கம். கோயில், வெற்றிலை, டிகிரி காபி எல்லாம் பேசி முடித்து, எம்.ஜி.ஆர். படித்த பள்ளி இருக்கும் ஆனையடிப் பக்கம் வந்ததும் பேச்சு எம்.ஜி.ஆருக்குத் திரும்பிவிடும். “இலங்கையில் பிறந்தவர் இங்கே எப்படி வந்தார்?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். அரைமணி நேரம் போவது தெரியாது. வெயிலில் நின்றுகொண்டு சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலமைச்சர் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் அக்கறை, 1936-ல் முதல் படம் தொடங்கி 1947-ல் ‘ராஜகுமாரி’யில் நாயகனாகும் வரை சின்னச் சின்ன வேஷங்களில் வந்துபோன அந்த இளைஞர் மேல். அந்த 11 வருஷத்தைக் கஷ்டகாலம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறார்கள். அது அவர் தொழில் படித்த காலம் என்பது என் கட்சி.

எம்.ஜி.ஆர். எங்கே பிறந்தார்? குடும்பம் எப்படி இங்கே வந்தது?

1917 ஜனவரி 17 அன்று, இலங்கையில் கண்டிக்குத் தெற்கே இருக்கும் நாவலப்பிட்டியில் பிறந்தார். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ரயில் நின்று போகும் மலையூர் அது. அப்பா கோபால மேனன், அம்மா சத்தியபாமா, இருவரும் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்கள். பிள்ளைக்கு நினைவு தெரிவதற்குள் அப்பா இறந்துவிட்டார். கூடப் பிறந்தவர்களிலும் சிலர் தவறிப்போக, அண்ணன் சக்கரபாணியும் இவரும் மிஞ்சினார்கள். இந்த இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வந்து குடியிருந்த ஊர் கும்பகோணம்.

சுற்றிலும் குறுவையும் சம்பாவும் விளைகிற பூமி. ஆனால் நிலம் இல்லாதவர் வீட்டுக் குதிரில் நெல் இருக்காது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு வேலை செய்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஒரு தாய்க்கு, காவிரியும் அரசலாறும் இரண்டு பக்கம் ஓடினாலும் அடுப்பு தினமும் எரியும் என்று உறுதி இல்லை.

அவரைப் புலம்பெயர்ந்தவர் என்று சொல்லலாமா? தாயகம் திரும்பியவரா?

தாயகம் திரும்பியவர் இல்லை. அந்தப் பெயர் 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உரியது. எம்.ஜி.ஆர். குடும்பம் வந்த காலத்தில் இரண்டு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போக்குவரத்து சாதாரணமாக நடந்தது.

தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனங்கள் பிழைப்புக்காக இங்கிருந்து அந்த மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மலையிலிருந்து எதிர்த்திசையில் இங்கே வந்தது இந்தக் குடும்பம். வீட்டில் மலையாளம், தெருவில் தமிழ், சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை. புலம்பெயர்ந்தவர் என்ற சொல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது உண்மையா?

உண்மை. ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். அப்புறம் அண்ணனும் தம்பியும் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்கு அப்போது ஏழு வயதை ஒட்டி இருக்கும். கம்பெனியில் சேர்ந்தால் மூன்று வேளை சாப்பாடு உறுதி என்பதுதான் காரணம்.

பாய்ஸ் கம்பெனி என்கிறீர்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இது புரியாவிட்டால் பின்னால் வருகிற எதுவும் புரியாது.

சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் போடும் குழுதான் பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இந்த வழியில் பெரிய அடி. பெரிய நடிகர்கள் சொன்ன நேரத்துக்கு வராமல், சொன்ன வசனத்தைப் பேசாமல் தொல்லை கொடுத்த காலத்தில், பையன்களாக இருந்தால் கட்டுக்குள் வைத்துப் பழக்கலாம் என்பது கணக்கு. அடுத்தடுத்துப் பல கம்பெனிகள் வந்தன. எம்.ஜி.ஆர். சேர்ந்தது சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

கம்பெனி ஊர் ஊராகப் போகும். கொட்டகை போட்டு ஒரு ஊரில் சில வாரங்கள், அப்புறம் அடுத்த ஊர். தை அறுவடை முடிந்து கையில் நெல்லும் காசும் இருக்கும் மாதங்களில் காவிரிக் கரை ஊர்கள் அவர்களுக்கு நல்ல களம். என் பாட்டி சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் கொட்டகை பார்த்தவர். பையன்கள் கூட்டமாக ஆற்றுக்குக் குளிக்கப் போவார்களாம். அடம் பிடிக்கிற பிள்ளையை “கம்பெனியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்” என்று பயமுறுத்துவது அந்தக் காலத்துப் பழக்கம் என்பார். அந்தப் பையன்களின் முகத்தை எண்பது வயதிலும் அவர் மறக்கவில்லை.

உள்ளே வாழ்க்கை கண்டிப்பானது. சொல்லிக் கொடுப்பவருக்கு வாத்தியார் என்று பெயர். எம்.ஜி.ஆரைப் பிற்காலத்தில் ரசிகர்கள் ‘வாத்தியார்’ என்று கூப்பிட்டார்களே, அந்தச் சொல்லை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். காளி என். ரத்தினம் போன்றவர்களிடம் அவர் பாடம் கேட்டார். பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச்சண்டை எல்லாமே பயிற்சி. ராஜபார்ட் (நாயகன்), கள்ளபார்ட் (திருடன்), ஸ்திரீபார்ட், பபூன் என்று வேஷங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். அந்தக் கம்பெனியில் ராஜபார்ட்டில் கொடிகட்டிப் பறந்தவர் பி.யு. சின்னப்பா. இவரோ சின்னப் பையன், சின்ன வேஷம்.

அப்புறம் மகரக்கட்டு வரும். குரல் உடையும் வயது. நேற்றுவரை எட்டுக்கட்டையில் பாடிய பையன் இன்று வாயைத் திறந்தால் கரகரப்பு. பாய்ஸ் கம்பெனி நடிகனுக்கு அது வேலை போகிற நேரம். எம்.ஜி.ஆருக்கும் குரல் உடைந்தது. பாட்டுக்காரராக அவர் மீண்டு வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

வீட்டில் மலையாளம் பேசியவருக்குத் தமிழ் எங்கே கிடைத்தது?

பாதி கும்பகோணத்துத் தெருவில், பாதி நாடக மேடையில். இது என் எண்ணம், ஆனால் உறுதியாகவே சொல்கிறேன். நாடகத் தமிழை மனப்பாடம் செய்யாமல் மேடை ஏற முடியாது. ஒரு சொல் பிசகினால் வாத்தியார் விடமாட்டார். வேற்றுமொழிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த தமிழ்ப் பள்ளி கிடைத்திருக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவர் பிற்காலத்தில் பக்கம் பக்கமாக வசனம் பேசியதற்கு அடித்தளம் அங்கேதான்.

முதல் படம் எது?

‘சதி லீலாவதி’, 1936. எஸ்.எஸ். வாசன் எழுதிய தொடர்கதை. நாயகன் எம்.கே. ராதா. அவருடைய தந்தை எம். கந்தசாமி முதலியார் நாடக உலகில் பெரிய ஆசிரியர், எம்.ஜி.ஆரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. எம்.ஜி.ஆருக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம், சில காட்சிகள்தான். என்.எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். டி.எஸ். பாலையாவுக்கு அதுதான் முதல் படம்.

இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் அதுவே முதல் படம். அவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, 1935-ல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் தெரியாது. ஆக, கடல் தாண்டி வந்த ஒரு இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ சொல்ல, கடல் தாண்டி வந்த ஒரு நடிகர் கேமரா முன்னால் முதல் அடி வைத்தார். தமிழ் சினிமா எத்தனை பேருக்கு வாசல் திறந்து வைத்திருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அப்படியானால் அவர் கூட்டத்தில் நின்ற எக்ஸ்ட்ரா நடிகரா?

இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒருவராக நிற்பவரை அந்தக் காலத்தில் எக்ஸ்ட்ரா என்றார்கள், இன்று துணை நடிகர், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்கிறோம். எம்.ஜி.ஆர். செய்தவை பெயருள்ள, ஆனால் சின்ன வேஷங்கள். ‘பிரகலாதா’வில் (1939) இந்திரன். ‘அசோக் குமார்’ (1941) படத்தில் தளபதி மகேந்திரன், அதில் நாயகன் தியாகராஜ பாகவதர். ‘ஸ்ரீ முருகன்’ (1946) படத்தில் சிவன். நாயகன் பாடி முடித்தபின் வந்து, கதையை ஒரு அங்குலம் நகர்த்திவிட்டு விலகும் வேஷங்கள். கூட்டத்தில் நிற்பதைவிட இது மனதுக்குக் கடினம் என்று நினைக்கிறேன். நாயகனுக்கு ஐந்தடி தூரத்தில் நின்று, அந்த இடம் தனக்குக் கிடைக்காமல் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

11 வருஷம் ஏன் ஆனது? திறமை இல்லையா, அதிர்ஷ்டம் இல்லையா?

ஜாதகம், நேரம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதல் காரணம் பாட்டு. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அதிலிருந்து நாயகன் என்றாலே பாடகன். கேமராவுக்கு வெளியே ஆர்மோனியமும் மிருதங்கமும் உட்கார்ந்திருக்க, நடிகர் நடித்துக்கொண்டே சொந்தக் குரலில் பாட வேண்டும். குரல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று பிரிக்க வழி இல்லை. மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944-ல் வெளியாகி சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்தக் குரலுக்கு முன்னால், மகரக்கட்டில் பாட்டை இழந்த ஒருவரை எந்தத் தயாரிப்பாளர் நாயகனாகப் போடுவார்?

பின்னணிப் பாட்டு 1930களின் கடைசியில் எட்டிப் பார்த்தது. 1938-ல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ அதில் முன்னோடி. ஆனால் அது பழக்கமாக ஊன்றிக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆருக்குப் பாடியவர் எம்.எம். மாரியப்பா. 1954-ல் ‘மலைக்கள்ளன்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் குரல் வந்து சேர்ந்தது. எம்.ஜி.ஆரை நாயகனாக்கியதில் ஒலிப்பதிவுக் கருவிக்கும் பங்கு இருக்கிறது என்று நான் சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்க ஒன்றுமில்லை. வாசல் திறந்தபோது உள்ளே போகத் தயாராக நின்றவர் அவர்.

இரண்டாவது காரணம் யுத்தம். பிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். 1943-ல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. அதற்கு முன் 18,000 அடி, 20,000 அடி எல்லாம் சகஜம். படமும் குறைந்தது, நீளமும் குறைந்தது. கத்தரி விழுந்தால் முதலில் போவது சின்ன வேஷம்தானே? 1942-ல் ஜப்பான் குண்டு வீசும் என்ற பயத்தில் சென்னையே பாதி காலியாகியிருந்தது. அந்த வருஷங்களை ஒட்டித்தான் ‘சாயா’ என்ற படத்தில் நாயகன் வேஷம் கிடைத்து, அந்தப் படம் முடியாமலே நின்றுபோனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மூன்றாவது, நாற்காலி காலியாக இல்லை. பாகவதரும் சின்னப்பாவும் இருக்கும்வரை மூன்றாவது ஆளுக்கு இடம் குறைவு. 1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்தது. பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள், 1947 ஏப்ரலில்தான் விடுதலை. அந்த இடைவெளியில் தயாரிப்பாளர்கள் புது முகங்களைத் தேடினார்கள். ஒருவர் துன்பத்தில் இன்னொருவருக்கு வழி பிறந்தது என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இத்தனை வருஷமும் அவர் உடம்பை விடவில்லை. உடற்பயிற்சி, சிலம்பம், வாள் வீச்சு. பாட்டு போய்விட்டது என்று தெரிந்தவர், உடம்பையே குரலாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

‘ராஜகுமாரி’ எப்படிக் கிடைத்தது?

ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘ஸ்ரீ முருகன்’ படத்தில் அவர் சிவனாக ஆடிய ஆட்டம் கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. பார்வதியாக உடன் ஆடியவர் கே. மாலதி. அடுத்த படத்துக்கு முதலில் பேசப்பட்ட பெயர்கள் பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும். கதை எழுதிய ஏ.எஸ்.ஏ. சாமிக்கு இயக்குநராக அதுதான் முதல் படம். பெரிய பெயர்கள் இல்லாமல் எம்.ஜி.ஆர்., மாலதி இருவரையும் வைத்தே எடுக்கலாம் என்றார். ஜூபிடர் சோமசுந்தரம் ஒப்புக்கொண்டார். கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்து, 1947 ஏப்ரலில் ‘ராஜகுமாரி’ வெளிவந்தது. எம்.ஜி.ஆருக்கு வயது 30.

சிறுவயதில் யார் ராஜபார்ட் போட ஓரத்தில் நின்றாரோ, அதே சின்னப்பாவுக்கு யோசித்த இடத்தில் இப்போது இவர். அந்தக் கம்பெனிக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் படத்திலேயே இன்னொரு இலங்கைக்காரரும் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ‘வனமோகினி’ (1941) மூலம் பெயர் வாங்கிய கே. தவமணி தேவி. வசனத்தில் சாமிக்கு உதவியாக இருந்தவர் திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்த மு. கருணாநிதி. அவருக்கும் அதுதான் முதல் படம், வயது 22. சண்டைக் காட்சியில் சாண்டோ சின்னப்பா தேவர். பிற்காலத்தில் தமிழ்நாட்டையே அசைத்த எத்தனை பேர் ஒரு ஸ்டுடியோவுக்குள் ஒரே சமயத்தில் இருந்திருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு நேராக நட்சத்திரம்தானே?

இல்லை. இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்வேன். ‘ராஜகுமாரி’ ஓடிய அதே 1947-ல் ‘பைத்தியக்காரன்’ படத்தில் மறுபடி சின்ன வேஷம். 1948-ல் பாகவதருக்கு அடுத்த இடத்தில் ‘ராஜமுக்தி’. 1949-ல் சின்னப்பா நாயகனாக நடித்த ‘ரத்னகுமார்’ படத்தில் துணை வேஷம். நாயகனாக நடித்துவிட்டோம், இனி இறங்கமாட்டோம் என்று வீட்டில் உட்காரவில்லை. 1950-ல் ‘மருதநாட்டு இளவரசி’, ‘மந்திரி குமாரி’, 1951-ல் ‘மர்மயோகி’ வந்த பிறகுதான் கால் ஊன்றியது. ‘மந்திரி குமாரி’யை இயக்கியதிலும் டங்கனுக்குப் பங்கு உண்டு. அந்த வருஷமே அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார்.

பழைய படங்களின் பெயர்ப்பட்டியலில் ‘எம்.ஜி. ராம்சந்தர்’ என்று இருக்கிறதே?

அவரேதான். டி.ஆர். ராமச்சந்திரன் என்று பெயர் பெற்ற இன்னொரு நடிகர் இருந்ததால் குழப்பம் வராமல் அப்படிப் போட்டார்கள்.

சிவாஜி முதல் படத்திலேயே நாயகன். அப்படியானால் சிவாஜிதான் பெரிய திறமைசாலியா?

தஞ்சாவூர்ப் பக்கம் போனால் இந்தக் கேள்வி சூடாக வரும், சிவாஜியின் சூரக்கோட்டை அங்கேதானே இருக்கிறது. இரண்டு பேரும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்தான், அதே கண்டிப்பு, அதே சோறு. வித்தியாசம் ஆண்டில். ‘பராசக்தி’ வந்தது 1952-ல். அதற்குள் பின்னணிப் பாட்டு நிலைத்துவிட்டது. பாட்டுக்கு இருந்த இடம் வசனத்துக்கு மாறிவிட்டது. 1936-ல் சிவாஜி வந்திருந்தால் அவரும் காத்திருக்க வேண்டியதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. யார் பெரியவர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

இந்தக் கதையில் நம்ம டெல்டாக்காரர்கள் வேறு யார்?

மாயவரம் பாகவதரையும் திருக்குவளை கருணாநிதியையும் சொல்லிவிட்டேன். ‘அசோக் குமார்’ படத்துக்குப் பாட்டு எழுதியவர் பாபநாசம் சிவன். அவருடைய அண்ணன் மகள்தான், ‘மருதநாட்டு இளவரசி’யில் நாயகியாக நடித்து, பிறகு எம்.ஜி.ஆரை மணந்த வி.என். ஜானகி. டி.ஆர். ராஜகுமாரி தஞ்சாவூரில் பிறந்தவர். நடிப்பிசைப் புலவர் கே.ஆர். ராமசாமி எங்கள் கும்பகோணத்துக்காரர்.

‘மலையாளி’ என்று அவரைக் குத்திப் பேசினார்களே?

பேசினார்கள், முக்கியமாக அரசியலுக்கு வந்தபின். சனங்கள் அதைக் காதில் வாங்கவில்லை என்பதற்கு 1977, 1980, 1984 தேர்தல்கள் சாட்சி. 1981-ல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது அவர் ஆட்சியில்.

என் பையன் சென்னைக்குப் போய் நடிகனாக வேண்டும் என்கிறான். அந்தக் காலம் மாதிரி இன்றும் கீழேயிருந்து மேலே வர முடியுமா?

பாபநாசத்திலிருந்து வந்த ஒரு அம்மா கண் கலங்கக் கேட்டது இது. முடியும் அம்மா. ஆனால் எந்தக் கீழேயிருந்து என்பதைப் பார்க்க வேண்டும்.

துணை நடிகராகப் போனால், ஏஜெண்ட் சொல்கிற இடத்துக்கு விடியற்காலையில் போய் நிற்க வேண்டும். சாப்பாடு உண்டு, நாள் கூலி உண்டு. அது கௌரவமான வேலை. அதில் முதுமை வரை இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. ஆனால் கூட்டத்தில் நிற்பது மட்டும் நடிப்பைக் கற்றுக்கொடுக்காது. எம்.ஜி.ஆரின் சின்ன வேஷங்களுக்குப் பின்னால் பாய்ஸ் கம்பெனி இருந்தது. அந்த மாதிரி ஒரு பட்டறை இல்லாமல் வரிசையில் மட்டும் நிற்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அப்படிப்பட்ட பட்டறையை நம் காலத்தில் அமைத்தவரும் டெல்டாக்காரர்தான். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உடம்பையும் குரலையும் பழக்கியவர்கள். துபாயில் கணக்கர் வேலை பார்த்துத் திரும்பிய விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுத வந்து, நடிகர்கள் பழகுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பெயர் தெரியாத வேஷங்களில் வந்துபோய், 2010-ல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் நாயகனானார். வெளிநாட்டிலிருந்து வந்தவர், சின்ன வேஷம், பட்டறை, பிறகு நாயகன். எழுபது வருஷ இடைவெளியில் அதே பாதை தெரிகிறது பாருங்கள்.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் அங்கே போய் விசாரியுங்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாடகத்தைப் பையனுக்குக் காட்டுங்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டுவார்கள். ஒரு வேஷத்துக்குப் பின்னால் எத்தனை மாதப் பயிற்சி இருக்கிறது என்று அவனுக்கே தெரியும்.

இன்னொன்று. வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்கள் உறவில் ஒரு பையன் போட்டோ ஆல்பம், உறுப்பினர் அட்டை என்று தவணை தவணையாகக் கட்டி, அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கடைசியில் அந்த ஆள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேலை கொடுப்பவர்தான் கூலி தருவார், வேலை செய்பவர் தரமாட்டார்.

சத்துணவுத் திட்டத்துக்கும் கும்பகோணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதை 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். காமராஜர் காலத்து மதிய உணவை விரிவாக்கிய திட்டம். சின்ன வயதுப் பசியைப் பற்றி அவரே பலமுறை பேசியிருக்கிறார். அந்தப் பசி எந்த ஊரில் என்று பார்த்தால் எங்கள் ஊர்தான். இதில் எங்களுக்குப் பெருமை கிடையாது. ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பட்டினி கிடந்த தெரு இது. நெல் விளைகிற ஊரில் அப்படி நடந்தது என்பதை ஆனையடி பக்கம் போகும்போதெல்லாம் நான் சொல்லாமல் வருவதில்லை.

பள்ளியைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், தெருவிலிருந்து. மகாமகக் குளத்திலிருந்து ஆட்டோக்காரரிடம் ஆனையடிப் பள்ளி என்றால் போதும். பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால் வகுப்பு நடக்கும்போது உள்ளே போய்ப் படம் எடுக்கக் கேட்காதீர்கள். வார நாளில் வந்தால் மதியம் வேண்டாம், அவர்கள் சாப்பிடுகிற நேரம். நாலு மணிக்கு மேல் வாருங்கள்.